நலமாய்த் தோன்றும் கன்று: மாட்டு வைரஸ் கழிச்சல் ஆய்வுகள் காட்டிய வழி

அவைத்தலைவர் அவர்களுக்கும், இந்த மாலையில் இங்கே கூடியிருக்கும் பெரியோர்களுக்கும், பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உயிரியல் பயிலும் மாணவர்களுக்கும் என் வணக்கம்.

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையோரம் மாட்டுக் கொட்டில்களும் பால்காரர் குடும்பங்களும் நிறைந்திருந்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று நம்மில் பெரும்பாலோர் மாடுகளை அருகில் காண்பது, பொங்கலையொட்டி லிட்டில் இந்தியாவுக்கு அவற்றைக் கொண்டுவந்து நிறுத்தும் சில நாள்களில்தான். அப்படிப்பட்ட ஊரில் மாடுகளின் வைரஸ் கழிச்சல் நோயைப் பற்றிப் பேச எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. தொற்றுநோயைத் தேடுகிறவர்கள் எங்கே தேட வேண்டும் என்பதை இந்நோயின் ஆய்வு வரலாற்றைப் போல் தெளிவாகக் கற்பிக்கும் வரலாறு வேறொன்றை நான் அறியேன் என்பது முதல் காரணம். மாடே இல்லாத நம் ஆய்வுக்கூடங்களுக்குள்ளும் அந்த வைரஸ் புட்டியில் அடைபட்டு வந்து சேரக்கூடும் என்பது மற்றொன்று.

1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓலாஃப்சனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் கறவை மாடுகளில் புதியதொரு தொற்றுநோயைக் கண்டு எழுதினார்கள். மாடுகளுக்குக் காய்ச்சல் கண்டது; கழிச்சல் ஏற்பட்டது; வாய்க்குள் புண்கள் தோன்றின; இரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைந்தன; பால் வற்றியது; சினைப் பசுக்கள் சில கன்று வீசின. அறிகுறிகள் வெக்கை நோயை ஒத்திருந்ததால் அச்சம் எழுந்தது இயல்பே. ஆனால் வெக்கை நோய் மந்தையையே கொன்று குவிக்கும். இந்நோயிலோ பல மாடுகளுக்குத் தொற்று பரவியும் இறந்தவை குறைவு.

பிறகு 1953-இல், அயோவா மாநிலத்தில், ராம்சேயும் சிவர்ஸும் மற்றொரு நோயை விவரித்தார்கள். வாய் முதல் குடல் வரை சளிச்சவ்வு முழுவதும் புண்ணாகும் அந்த நோய், மந்தையில் ஓரிரண்டு இளம் மாடுகளுக்கே வந்தது. வந்தவை ஏறத்தாழ எல்லாமே இறந்தன. இதற்குச் சளிச்சவ்வு நோய் என்று பெயரிட்டார்கள். முதல் நோய் பலருக்கு வந்து சிலரைக் கொல்கிறது. இரண்டாவது சிலருக்கு வந்து அனைவரையும் கொல்கிறது. இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்றுதான் எவரும் முடிவு செய்வார். ஆயினும் ஆய்வுக்கூடத்தில் இரண்டிலிருந்தும் பிரித்தெடுத்த வைரஸ் ஒன்றாகவே இருந்தது. ஒரே வைரஸ் இரண்டு விதமாக எப்படி நடந்துகொள்கிறது என்ற புதிர் முப்பது ஆண்டுகள் விடையின்றி நீடித்தது. நலமான மாடுகளுக்குச் சளிச்சவ்வு நோய் கண்ட மாட்டின் வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். லேசான காய்ச்சலும் கழிச்சலும் வந்து அவை தேறின. அந்தக் கொடிய நோயைச் சோதனையில் உண்டாக்கவே முடியவில்லை.

விடைக்கான துண்டுகள் தனித்தனியே கிடைத்தன. இந்த வைரஸில் இரு வகைகள் உண்டு என்பது 1960 வாக்கில் தெரிந்தது. ஒரு வகை, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்களைக் கொன்றுவிடுகிறது. மற்றது அவற்றுக்குள் பெருகியும் ஒரு தீங்கும் வெளியே காட்டுவதில்லை. நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு உயிரணுக்கள் நலமாகவே தோன்றும். இயற்கையில் பரவித் திரிவது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

அடுத்த துண்டு சினைக்காலத்தில் இருந்தது. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள்கள். அதில் ஏறத்தாழ 40-ஆம் நாளிலிருந்து 125-ஆம் நாள் வரையிலான காலத்தில், உயிரணுவைக் கொல்லாத வகை வைரஸ் தாய்க்குத் தொற்றினால், அது கருவையும் சென்றடைகிறது. அந்தக் கட்டத்தில் கருக்கன்றின் நோய் எதிர்ப்பு மண்டலம், எது தன் உடல், எது அயல் பொருள் என்பதை இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது. அப்போது உடலெங்கும் இருக்கும் வைரஸையும் அது தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்கிறது. பிறந்த நாள் முதல் வீட்டில் வளர்ந்தவனைப் பார்த்து வீட்டு நாய் குரைக்காததைப் போல, அக்கன்றின் உடல் அந்த வைரஸை ஒருபோதும் எதிர்ப்பதில்லை. தாய் சில நாள்களில் தேறிவிடும். கன்றோ உயிருள்ளவரை வைரஸோடுதான் வாழும். எச்சிலிலும் மூக்குச்சளியிலும் சாணத்திலும் சிறுநீரிலும், பின்னாளில் பாலிலும் விந்திலும், ஓயாமல் வைரஸை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். கிடாரியாக வளர்ந்து கன்று ஈன்றால் அந்தக் கன்றும் தொற்றோடுதான் பிறக்கும்.

இத்தகைய கன்றுகளுள் சில வளர்ச்சி குன்றி நலிந்து கிடக்கும். ஆனால் பல கன்றுகள் கொழுகொழுவென்று, எந்தக் குறையும் தோன்றாமல் நிற்கும். வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று சோதித்தால் இல்லை என்றே விடை வரும். அவ்விடையைக் கண்டு இம்மாட்டுக்குத் தொற்றே ஏற்பட்டதில்லை என்று பலர் நம்பினார்கள். மந்தையிலேயே அதிகமாக வைரஸைப் பரப்பும் மாடு, சோதனைத் தாளில் மிகவும் தூய்மையான மாடாகக் காட்சியளித்தது. இந்நோயைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என்னை நிறுத்தி யோசிக்கவைப்பது இந்த இடம்தான்.

1984-இல் இங்கிலாந்தின் காம்ப்டன் ஆய்வு நிலையத்தில் பிரௌன்லியும் அவர் குழுவினரும் புதிரின் கடைசித் துண்டைப் பொருத்தினார்கள். பிறவியிலேயே தொற்றுடன் இருந்த மாடுகளுக்கு, உயிரணுவைக் கொல்லும் வகை வைரஸைச் செலுத்தியபோது, அதுவரை எவராலும் உண்டாக்க முடியாத சளிச்சவ்வு நோய் தோன்றியது. அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டே இது உறுதிப்பட்டது. கருவில் தொற்றியவற்றை மட்டுமே கொல்லும் நோய் அது. அதனால்தான் மந்தையில் சிலவற்றுக்கே வந்தது. உயிரணுவைக் கொல்லும் வகை எங்கிருந்து வருகிறது என்பதற்கும் பின்னர் விடை கிடைத்தது. சுமார் 12,300 எழுத்துகள் கொண்ட இந்த வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏ, பெருகும்போது மாட்டின் சொந்த மரபுச் செய்தியிலிருந்து ஒரு துணுக்கைத் தனக்குள் செருகிக்கொள்வதுண்டு. அம்மாற்றத்தால் வைரஸின் ஒரு புரதம் வேறு விதமாக வெட்டுப்பட்டு, அதுவரை அடங்கியிருந்த வகை கொல்லும் வகையாகிறது. உடன் வாழ்ந்த வைரஸே ஒரு நாள் உருமாறி அந்த மாட்டைக் கொல்கிறது. கேட்பதற்கே துயரமான இயங்குமுறை இது. ஆனால் இதைக் கண்டறிந்தவர்களின் பொறுமையை நான் மதிக்கிறேன்.

இந்த அறிவு கைக்கு வந்ததும் கட்டுப்பாட்டு முறையும் மாறியது. தேறிவிடும் மாடுகளுக்கு மருந்து தேடுவதைவிட, வாழ்நாள் முழுவதும் பரப்பும் அந்தச் சில மாடுகளைத் தேடிப் பிடிப்பதே பயன் தரும். தொற்று பரவிய நாடுகளிலும் அவை பொதுவாக நூற்றுக்கு ஓரிரண்டுதான். நார்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய நாடுகள் 1990-களின் தொடக்கத்தில் பணியைத் தொடங்கி, தடுப்பூசியைப் பயன்படுத்தாமலேயே, இந்த ஒரே வழியில் நோயை ஏறத்தாழ ஒழித்தன. சுவிட்சர்லாந்து 2008-இல் நாட்டிலுள்ள மாடுகள் அனைத்தையும் சோதித்தது. ஜெர்மனி 2011 முதலும் அயர்லாந்து 2013 முதலும் கன்றுகளுக்குச் சோதனையைக் கட்டாயமாக்கின. கன்றுக்கு அடையாளக் காதுவில்லை பொருத்தும்போதே காதுமடலின் தோலில் ஒரு சிறு துணுக்கு குழாய்க்குள் வந்துவிடும்படி அந்த வில்லை அமைக்கப்பட்டிருக்கிறது. சீம்பால் குடித்த கன்றின் இரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள்கள் கலந்திருப்பதால் இரத்தச் சோதனை ஏமாற்றக்கூடும். காதுத் தோலில் அந்தச் சிக்கல் குறைவு. தடுப்பூசிகள் உள்ளன, அவற்றுக்குப் பயனும் உண்டு. எனினும் பரப்பும் மாட்டைக் கொட்டிலில் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு ஊசி போடுவதால் மட்டும் நோய் அகலாது என்பது என் உறுதியான கருத்து.

இனி நம் ஊருக்கு வருவோம். உயிரியல் ஆய்வு வளாகமான பயோபொலிஸிலும் பல்கலைக்கழகங்களிலும் உயிரணுக்களை வளர்ப்பவர்கள், வளர்ப்பு ஊடகத்தில் கருக்கன்றின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை, சேர்ப்பது வழக்கம். இறைச்சிக்கூடத்தில் அறுக்கப்படும் பசு சினையாக இருந்தால், கருவின் இரத்தத்திலிருந்து அந்தச் சீரம் எடுக்கப்படுகிறது. பல கருக்களின் சீரம் ஒன்றாகக் கலக்கப்படுகிறது. அவற்றுள் ஒன்று தொற்றுள்ளதாக இருந்தாலும் தொகுப்பு முழுவதிலும் வைரஸ் சேர்ந்துவிடும். அது பெரும்பாலும் உயிரணுவைக் கொல்லாத வகை ஆதலால், வளர்ப்புத் தட்டில் எதுவும் தெரியாது. ஆனால் வைரஸை எதிர்க்க உயிரணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் தற்காப்பை அது அடக்கிவிடுவதால், அவற்றில் செய்யும் வைரஸ் ஆய்வின் முடிவுகள் பிறழக்கூடும். 1999-இல் நெதர்லாந்தில், மாடுகளின் வேறொரு நோய்க்கான தடுப்பூசித் தொகுப்பு ஒன்றில் இந்த வைரஸ் கலந்திருந்ததால் பண்ணைகள் பாதிக்கப்பட்டன. பிரேசிலிலிருந்து சென்ற சீரத்தை ஜெர்மானிய ஆய்வாளர்கள் சோதித்தபோது, 2004-இல் இக்குடும்பத்தின் புதியதோர் இனமே வெளிப்பட்டது. பின்னர் தாய்லாந்தின் கோன்கேன் பகுதிக் கன்றிலும், இந்திய மாடுகளிலும் அது காணப்பட்டது. இந்த வைரஸ் மனிதர்களுக்கு நோய் உண்டாக்குவதாகக் கருதப்படுவதில்லை, அச்சம் வேண்டாம். ஆனால் வைரஸை அழிக்கக் காமா கதிர்வீச்சுக்கு உட்படுத்திய சீரமா, இந்த வைரஸுக்குச் சோதித்த தொகுப்பா என்பதை, வாங்கும் முன் சான்றிதழில் பார்க்கும்படி ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் இளையோரை வேண்டிக்கொள்கிறேன். உயிரணுவில் வளர்த்த இறைச்சியை விற்க உலகிலேயே முதலில் 2020-இல் அனுமதி தந்த நாடு நம்முடையது. அத்துறை இத்தகைய சீரம் இல்லாத ஊடகத்தை நோக்கி நகர்வதை, இந்தக் கோணத்திலும் நான் வரவேற்கிறேன்.

அண்மைக்கால ஆய்வுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இந்த வைரஸ் உயிரணுவுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் புரதங்களுள் முதன்மையானது சிடி46. அமெரிக்க வேளாண் துறையின் நெப்ராஸ்கா ஆய்வாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும், அப்புரதத்தில் வைரஸ் பற்றும் இடத்தில் ஆறே அமினோ அமிலங்களை மரபணுத் திருத்தத்தால் மாற்றினார்கள். அவர்கள் தேர்ந்தது குஜராத்தைத் தாயகமாகக் கொண்ட கிர் மாட்டினம். 2021-இல் பிறந்த அந்தப் பெண்கன்றைப் பிறவித் தொற்றுள்ள மற்றொரு கன்றோடு ஒரு வாரம் ஒரே கொட்டிலில் வைத்தும் அதற்குத் தொற்று மிகக் குறைவாகவே ஏறியது. நோய் வெளியே தெரியவில்லை. 2023-இல் முடிவுகள் வெளியாயின. ஒரே ஒரு கன்றின் சோதனை இது. அதன் சந்ததி எப்படி இருக்கும் என்பதைப் பொறுத்திருந்துதான் அறிய வேண்டும்.

கிர் இனத்தின் தாயகமான இந்தியாவுக்கு இது தனிப் பொருள் கொண்டது. அங்கே இந்த வைரஸ் இருப்பதைப் போபாலின் உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வு நிறுவனம் தொடர்ந்து பதிவு செய்துவருகிறது. ஆனால் தொற்றுள்ள கன்றை அகற்றும் ஐரோப்பிய முறையை, பசுவதைத் தடைச் சட்டங்கள் உள்ள மாநிலங்களிலும், இரண்டே மாடுகளை நம்பிப் பிழைக்கும் குடும்பத்திடமும் அப்படியே வற்புறுத்த இயலாது, வற்புறுத்தவும் கூடாது. அத்தகைய கன்றைச் சினைப் பசுக்களிடமிருந்து பிரித்து வைப்பதும், இனப்பெருக்கத்துக்கு விடாதிருப்பதும், உறைவிந்துக்கான காளைகளைக் கண்டிப்பாகச் சோதிப்பதும் அங்கே உடனே செய்யத்தக்கவை. காதுமடல் சோதனை தமிழ்நாட்டின் ஊர்ப்புறக் கால்நடை மருந்தகங்கள்வரை எளிதில் எட்ட வேண்டும் என்பது என் பெருவிருப்பம்.

இங்கிருந்து ஊரிலுள்ள உறவினருக்குக் கறவை மாடு வாங்கப் பணம் அனுப்புவோர் இந்த அவையிலும் இருக்கலாம். அவர்களுக்கு ஒன்று. சந்தையில் வாங்கும் சினைப் பசு, தான் முழு நலத்துடன் இருந்தும், தொற்றுள்ள கன்றை வயிற்றில் சுமந்திருக்கக்கூடும். கருவைச் சோதிக்க எளிய வழி இல்லை. ஆகவே வாங்கிய பசுவைப் பழைய மாடுகளிடமிருந்து தனியே கட்டச் சொல்லுங்கள். அது ஈன்றதும் கன்றையும் சோதித்து, விடை வரும்வரை தாயையும் கன்றையும் மற்றச் சினைப் பசுக்களோடு சேர்க்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.