திரும்பி வரும் கண்ணாடியே பாடநூல்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கண்ணாடி அணிந்தும் அணியாமலும் அவையில் அமர்ந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

கண்ணாடித் தொழிலில் கால்வைக்கிறவருக்கு நல்ல தொடக்கம் வகுப்பறையா, கடைப் பயிற்சியா என்பது இன்றைய கேள்வி. கடைப் பயிற்சியே என்று வாதாட வந்திருக்கிறேன். சற்றுமுன் எதிரணித் தலைவர், "கடையில் சேர்ந்த பிள்ளைக்கு மாதக்கணக்கில் துடைக்கத் துணிதான் கிடைக்கும், ஒளியியல் கிடைக்காது" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். கைதட்டலை அவரே வைத்துக்கொள்ளட்டும். அந்தத் துணியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

தூசி படிந்த பிளாஸ்டிக் லென்ஸை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் கழுவவேண்டும், பிறகு மெல்ல ஒற்றியெடுக்கவேண்டும். அப்படித் துடைத்த லென்ஸை அந்தப் பிள்ளை கண்ணுக்கு நேரே பிடித்து அசைத்துப் பார்க்கிறான். எதிரே தெரியும் கதவுச் சட்டம் லென்ஸ் போகும் பக்கமே நகர்ந்தால் அது மைனஸ். எதிர்ப்பக்கம் நகர்ந்தால் பிளஸ். லென்ஸைச் சுழற்றும்போது சட்டத்தின் நேர்கோடு முறிந்து சாய்ந்தால், உள்ளே சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசையில் மட்டும் உள்ள பார்வைக் குறையைத் திருத்தும் பவர், இருக்கிறது. எந்தக் கருவியையும் தொடாமலே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. இதற்கு ஒளியியல் என்று பெயரில்லை என்றால், எதிரணியினர் வேறு நல்ல பெயர் வைக்கட்டும்.

இனி என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். வகுப்பில் ஒரு கணக்கைத் தவறாகப் போட்டால் மதிப்பெண் குறையும், அத்தோடு முடிந்தது. கடையில் தவறாகப் போட்டால் ஆள் திரும்பி வருவார். அவர் கொண்டுவரும் கண்ணாடியைப் போன்ற பாடநூலை எந்தக் கல்லூரியும் அச்சிட்டதில்லை.

"புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து தலைவலி" என்று ஒருவர் வருகிறார். மருத்துவர் எழுதிய சீட்டோடு ஒப்பிட்டால் பவர் சரியாக இருக்கிறது. லென்ஸின் பவரை அளக்கும் லென்சோமீட்டரும் அதையே சொல்கிறது. பயிற்சிக்கு வந்தவன் விழிக்கிறான். முதலாளி பேசாமல் அளவுகோலை எடுத்து, இரு கண்மணிகளுக்கு நடுவிலுள்ள தூரத்தையும், இரு லென்ஸ்களின் மையங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தையும் அளந்து காட்டுகிறார். இரண்டும் பொருந்தவில்லை. 6 பவர் லென்ஸின் மையம் கண்மணியிலிருந்து 5 மில்லிமீட்டர் விலகினால் 3 பிரிசம் டயாப்டர் அளவுக்கு ஒளி திரும்புகிறது. ஒரு மீட்டர் தொலைவில் 3 சென்டிமீட்டர் விலகல் அது. அந்த விலகலை ஈடுகட்ட இரு கண்களும் நாள் முழுவதும் இழுபடுகின்றன. தலை வலிக்காமல் என்ன செய்யும்?

பவரை சென்டிமீட்டர் விலகலால் பெருக்கும் இந்தக் கணக்குக்குப் பிரெண்டிஸ் விதி என்று பெயர். எதிரணியினர் வகுப்பில் படித்திருப்பார்கள், மகிழ்ச்சி. அந்தச் சார்லஸ் பிரெண்டிஸ் யார்? கண்ணாடிக்காரர், கண்ணாடிக்காரரின் மகன்.

இன்னொருவர் வருகிறார். பல மாதங்களாக நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது, இப்போது திடீரென மங்கல் என்கிறார். அவருடையது வட்ட ஃபிரேம். திருகு தளர்ந்து, லென்ஸ் தன் இடத்திலேயே சுழன்றிருக்கிறது. சிலிண்டர் பவருக்கு அச்சு, அதாவது அது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது, முக்கியம் அல்லவா? அச்சு 30 பாகை விலகிவிட்டால், மிஞ்சும் குறை முதலில் இருந்த குறையின் அளவுக்கே வந்துவிடும். சிலிண்டர் போட்டும் போடாததுபோல்தான். இந்தக் கணக்கு நூலில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் "வட்ட ஃபிரேமா? முதலில் திருகைப் பார்" என்பதைக் கடைப் பலகைக்குப் பின்னால் நின்றவன்தான் சொல்வான்.

முகத்தையும் பாருங்கள். எவருக்கும் இரு காதுகளும் ஒரே உயரத்தில் இருப்பதாக நம்பவேண்டாம். வலப்பக்க லென்ஸ் மேலே தூக்கி நின்றால், காதில் மாட்டும் வலத் தண்டை மேல்நோக்கி வளைக்கவேண்டும். அப்போதுதான் லென்ஸ் கீழே இறங்கும். முதல்முறை கேட்பவர் எல்லாரும் தலைகீழாகவே செய்வார்கள். பிளாஸ்டிக் ஃபிரேமைச் சூடாக்காமல் வளைத்தால் முறியும், அதிகம் சூடாக்கினால் லென்ஸின் மேற்பூச்சு வெடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பதம் விரல்நுனியில் இருக்கிறது. அதற்கு வினாத்தாள் தயாரிப்பது எப்படி என்று நடுவர்தான் சொல்லவேண்டும்.

"இப்போது எல்லாவற்றையும் இயந்திரம் வெட்டித் தருகிறதே" என்றார் இரண்டாவதாகப் பேசியவர். தருகிறது, உண்மை. தவறான அளவைக் கொடுத்தாலும் மிக அழகாக, விளிம்பில் ஒரு பிசிறுகூட இல்லாமல் தவறாக வெட்டித் தருகிறது.

ஜெர்மானிய ஒளியியல் அறிஞர் ஃபிரான்ஹோஃபரின் கதையையும் அவரே எடுத்தார். நல்ல அம்புதான், ஒப்புக்கொள்கிறேன். 11 வயதில் அநாதையான அந்தச் சிறுவன் மியூனிக்கில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தான். முதலாளி அவனைப் படிக்கவிடவில்லை. 1801-இல் வீடு இடிந்து, இடிபாடுகளுக்கிடையிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டான். ஆட்சியாளர் இரங்கிப் பணம் கொடுத்தார். எதிரணி நண்பர் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். நான் தொடர்கிறேன். அந்தப் பணத்தில் அவன் நூல்கள் வாங்கினான், கண்ணாடியைத் தேய்க்கும் இயந்திரமும் வாங்கினான். கல்லூரிக்குப் போகவில்லை, பட்டறைக்கே திரும்பினான். லென்ஸுக்கான கண்ணாடியின் ஒளிவிலகலைத் துல்லியமாக அளக்க முயன்றபோதுதான், 1814-இல், சூரிய நிறமாலையின் கருங்கோடுகளை ஆராயத் தொடங்கி, ஐந்நூறுக்கும் மேற்பட்டவற்றைப் பதிவு செய்தார். கொடுமைக்கார முதலாளியைக் கண்டியுங்கள், நானும் சேர்ந்து கண்டிக்கிறேன். பட்டறை என்ன பாவம் செய்தது?

ஜெய்ஸ் லென்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ல் ஜெய்ஸும் அப்படித்தான். 1834-இல் ஜெர்மனியின் ஜெனா நகரில் ஒரு கருவிப் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்தார், பயிற்சியின்போதே பல்கலைக்கழக விரிவுரைகளுக்கும் போனார். 1846-இல் சொந்தப் பட்டறை. அதற்கு 20 ஆண்டுகளுக்குப் பிறகுதான் எர்ன்ஸ்ட் அபே என்னும் இயற்பியலாளரைத் தேடிப்போய்த் துணைக்கு அழைத்தார். படிப்பு வேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. கை பழகியவனுக்குத்தான் எந்தக் கேள்வியோடு நூலைத் திறக்கவேண்டும் என்று தெரிகிறது.

ஒரு வரம்பையும் நானே சொல்லிவிடுகிறேன், எதிரணிக்கு அந்தச் சிரமம் வேண்டாம். கண்ணைப் பரிசோதிப்பதும் நோயைக் கண்டறிவதும் பயிற்சிக்கு வந்தவனின் வேலை அல்ல. திடீரென்று பார்வை ஒரு பக்கம் மறைக்கிறது, ஓரத்தில் மின்னல்போல் தெரிகிறது என்று ஒருவர் வந்தால், ஃபிரேமைக் காட்டாமல் உடனே கண் மருத்துவரிடம் அனுப்பவேண்டும். விற்கக்கூடாத நேரம் எது என்பதும் கடையில் கற்கவேண்டிய பாடம்தான். அதைச் சொல்லித்தராத கடையில் சேராதீர்கள். லென்ஸ் வெட்டுவதை முழுக்க வெளியே அனுப்பிவிட்டு, விற்பனையை மட்டும் நடத்தும் கடையையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். அங்கே விலை சொல்லத்தான் பழகலாம்.

நேரம் முடிந்ததாக நடுவர் மணியடிக்கிறார். அடுத்துப் பேசவிருக்கும் எதிரணி நண்பரை, நான் பேசும்போதெல்லாம் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை குறிப்பைக் குனிந்து பார்க்கும்போதும் கண்ணாடி மூக்கில் வழுக்குகிறது, விரலால் மேலே தள்ளிக்கொள்கிறார். ஐயா, மூக்கைக் குறைசொல்லாதீர்கள். தண்டு காதைத் தாண்டிய பிறகு வளைகிறது, காதின் உச்சியிலேயே வளையவேண்டும். கூட்டம் முடிந்ததும் ஏதேனும் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போங்கள். பட்டம் பெற்றவர் உள்ளே இருந்தாலும், உங்கள் கண்ணாடியைக் கையில் வாங்கிச் சூடுகாட்டி வளைத்துத் தரப்போவது யார் என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு நடுவரிடம் உங்கள் வாதத்தைச் சொல்லுங்கள். வணக்கம்.