கடைசி பெஞ்சுக்குக் கேட்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம். "டீச்சர், கேக்கல" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்ததும் ஆசிரியர் சத்தத்தைக் கூட்டுகிறார். வெறும் சுவரும் காங்கிரீட் கூரையுமான அறையில் அதனால் பெரிய பலன் இருக்காது. குரல் எவ்வளவு உயர்கிறதோ, சுவரில் பட்டுத் திரும்பும் முழக்கமும் அவ்வளவு உயரும். கெடுவது ஆசிரியரின் தொண்டைதான். ஆகவே முதலில் அறையைக் கவனிப்போம்.

ஒலி நின்றபின் அது 60 டெசிபல் (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு) தணிய ஆகும் நேரம் எதிர்முழக்க நேரம். ஆளில்லாத, மேசை நாற்காலி போட்ட சாதாரண வகுப்பறையில் இது 0.6 வினாடியைத் தாண்டக்கூடாது என்கிறது அமெரிக்காவின் வகுப்பறை ஒலித்தரம். இதைக் கணக்கிடும் வழி, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் வாலஸ் சபைன் 1895-இல் தொடங்கிய ஆய்வில் பிறந்தது. பேச்சு புரியாத ஒரு விரிவுரை மண்டபத்துக்குள் இருக்கை மெத்தைகளைக் கொண்டுபோய் வைத்து, முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அவர் அளந்தார். கன மீட்டரில் அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு பரப்பால் வகுத்தால் விடை வினாடியில் வரும். உறிஞ்சு பரப்பு என்பது சுவர், தரை, கூரை ஒவ்வொன்றின் சதுர மீட்டரையும் அது ஒலியை உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டியது. திறந்த ஜன்னலுக்கு அந்தப் பங்கு 1, அதாவது முழுவதும். பூசிய சுவருக்கு ஏறக்குறைய 0.03.

8 மீட்டர் நீளம், 6 அகலம், 3.2 உயரமுள்ள அறையை எடுத்துக்கொள்ளுங்கள். வெறுமையாக இருந்து, எல்லாப் பரப்புக்கும் 0.03 என்று வைத்தால் கணக்குப்படி 4.4 வினாடி வருகிறது! பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் வெகுவாகக் குறையும், ஆனாலும் போதாது. உயிரெழுத்தின் ஓசை வலுவானது, நீளமானது. அதன் முழக்கம் ஓயுமுன் அடுத்த மெய்யெழுத்து வந்து, அதற்குள் அமுங்கிவிடுகிறது. விட்டுப்போன ஒலியைப் பெரியவர்கள் இடம் பார்த்து ஊகித்துக்கொள்வார்கள். சிறு பிள்ளைகளால் அது முடியாது. அந்தத் திறன் பதின்ம வயதின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டாம் மொழியில் படிக்கும் பிள்ளைக்கும், காது மந்தமான பிள்ளைக்கும் பாடு இன்னும் அதிகம்.

இந்த அறைக்கு 40 சதுர மீட்டர் உறிஞ்சு பலகை தேவை. கூரையின் நடுவில் 5-க்கு 4 மீட்டரை அப்படியே விடுங்கள். ஆசிரியர் குரலைப் பின்வரிசைக்கு எடுத்துப்போவது அந்தப் பகுதிதான். சுற்றியுள்ள ஓரத்தில் 28 சதுர மீட்டர் வரும். மீதி 12, பின்சுவரில் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே. அதற்குக் கீழே என்றால் பிள்ளைகள் கைபட்டுக் கிழியும். மரச்சட்டத்துக்குள் 50 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு), முன்னால் தீப்பிடிக்காத துணி. துணியில் வாய் வைத்து ஊதினால் காற்று மறுபுறம் போகவேண்டும். பலகைக்குப் பின்னால் 50 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் தாழ்ந்த சுருதி ஒலியும் அடங்கும். அழகுக்காகத் துணிமேல் பெயின்ட் அடித்தால் துளைகள் அடைபட்டு, செலவெல்லாம் வீண். முட்டை அட்டை ஒட்டுவது கூடவே கூடாது: பேச்சொலியை அது சரிவர உறிஞ்சாது, தீயோ சட்டென்று பற்றும்.

அடுத்தது இரைச்சல். காலி அறையில் 35 டெசிபலுக்குள் இருக்கவேண்டும். ஆசிரியர் குரல் பிள்ளையின் காதருகே இரைச்சலைவிட 15 டெசிபலாவது கூடுதலாக எட்டவேண்டும். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ், கதவடி இடுக்குக்கு ரப்பர் பட்டை, கடகடக்கும் மின்விசிறிக்குப் பழுது: இவை ஒரு நாள் வேலை. மைக் வைப்பது இரைச்சலுக்கு உதவும், முழக்கத்துக்கு உதவாது.

உங்கள் அறையில் எது கோளாறு என்று அறிய இப்படிச் செய்யுங்கள். கடல், மடல், உடல், படம், தடம், பதம் போல 20 சொற்களைக் கலந்து, இயல்பான குரலில் வாசியுங்கள். பின்வரிசைப் பிள்ளைகள் நோட்டைப் பார்த்தபடியே எழுதட்டும், உதட்டசைவைப் பார்க்கக்கூடாது. மின்விசிறி ஓடும்போது ஒருமுறை, நிறுத்திவிட்டு வேறு வரிசையில் ஒருமுறை. நிறுத்தியதும் தவறுகள் நன்றாகக் குறைந்தால் முதலில் விசிறியைப் பாருங்கள். வெளிச்சத்தமும் இல்லாமல், விசிறியும் நின்றபின் தவறுகள் குறையாவிட்டால் பலகை வேலையைத் தொடங்குங்கள்.