முதல் கிளாஸுக்கு முன்பே பாக்கெட்டில் இருக்கட்டும்

(திரையில்: கடலூர் – புதுச்சேரி சாலை, சாயங்கால நேரம்)

வணக்கம். கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற சாலையில் எல்லையைத் தாண்டினால் முள்ளோடை, அடுத்து கன்னியக்கோயில். சரக்கு விலை குறைவு என்று இந்தப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் நிறைய. குடிக்கலாமா கூடாதா என்ற பஞ்சாயத்து இந்த வீடியோவில் இல்லை. குடித்த ராத்திரியில் உடலுறவு நடந்தால் எச்ஐவி எப்படி உள்ளே நுழைகிறது, எங்கே தடுக்கலாம் என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஆணுறை பாதுகாப்பு என்பது பார் மேஜையில் உட்கார்ந்திருக்கும் யாருக்குத்தான் தெரியாது? தெரிந்தும் ஏன் போடுவதில்லை? போதை ஏறினால் கண் முன்னால் இருக்கிற ஆசை மட்டும்தான் மூளைக்குத் தெரியும். நாளைக்கு வரப்போகிற ஆபத்து மறைந்துபோகும். அந்த நேரத்தில் கடை தேடிப் போய் ஆணுறை வாங்குகிறவர் குறைவு. "ஆள் பார்த்தா நல்லாத்தானே இருக்காங்க" என்று மனசே சமாதானம் சொல்லிவிடும். எச்ஐவி இருக்கிறவர் பல வருஷம் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

(திரையில்: பழைய சென்னை ஒயின்ஷாப் படம்)

டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்தது 2003-இல். ஏறக்குறைய அந்தக் காலத்தில் சென்னை ஒயின்ஷாப்புகளுக்கு வருகிறவர்களிடம் குடிக்கும் ஆணுறை போடாததற்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். அதன் தொடர்ச்சியாக இந்தியா, சீனா, பெரு, ரஷ்யா, ஜிம்பாப்வே என ஐந்து நாடுகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. நாலு பேர் மதிக்கிற உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாதுகாப்பைப் பற்றிக் கூட்டாளிகளிடம் பேச வைத்தார்கள். 2010-இல் முடிவு வந்தது. பேச்சு நடந்த இடத்தில் ஆபத்தான நடத்தை குறைந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், பேச்சு நடக்காத இடத்திலும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்திருந்தது! இரண்டு இடத்திலும் பரிசோதனை, ஆலோசனை, பால்வினை நோய்க்கு சிகிச்சை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. என்னைக் கேட்டால், அறிவுரையைவிட அந்தக் கைக்கெட்டும் தூரம்தான் முக்கியம்.

அதனால் முதல் கிளாஸுக்கு முன்பே ஆணுறை பாக்கெட்டில் இருக்கட்டும். பர்ஸில் மாசக்கணக்கில் வைத்து உட்கார்ந்தால் சூட்டிலும் அழுத்தத்திலும் கெட்டுவிடும். பல்லால் கிழிக்காதீர்கள், காலாவதி தேதியைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் கிழியும். எதிரில் இருப்பவர் நினைவு தப்பும் அளவுக்குக் குடித்திருந்தால் அங்கே சம்மதம் என்ற பேச்சே கிடையாது. அதோடு விட்டுவிட வேண்டும்.

(திரையில்: காலண்டர், சனி முதல் செவ்வாய் வரை)

சரி, ஆணுறை கிழிந்துவிட்டது, அல்லது போடவே இல்லை. அப்போதும் ஒரு வழி இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் எச்ஐவி தடுப்பு மாத்திரை தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். சனிக்கிழமை ராத்திரி நடந்தது என்றால் செவ்வாய் ராத்திரியோடு கெடு முடிகிறது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போதை தெளிந்ததும் அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். மாத்திரை தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார்.

பரிசோதனை இலவசம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற போர்டைத் தேடுங்கள். புதுச்சேரியில் ஐசிடிசி, அதாவது எச்ஐவி ஆலோசனை-பரிசோதனை மையம், என்று கேட்டால் வழி காட்டுவார்கள். மறுநாளே எடுத்த டெஸ்டில் 'இல்லை' என்று வந்தால் அதை நம்பிவிட முடியாது. கிருமி டெஸ்டில் தெரிய சில வாரங்கள் ஆகும். மறுபடி எப்போது வர வேண்டும் என்று ஆலோசகர் சொல்வார். உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதையும், முடிவை வெளியே சொல்வதையும் 2017-ஆம் ஆண்டு எச்ஐவி-எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது.

எச்ஐவி இருந்து, அதைக் கட்டுப்படுத்த ஏற்கெனவே ஏஆர்டி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "இன்னைக்குக் குடிச்சிருக்கேன், மாத்திரை வேணாம்" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். குடியைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் குடித்த நாளிலும் மாத்திரையை விடக்கூடாது. தொடர்ந்து சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையிலேயே இருந்தால், உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது. சந்தேகம் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.