வாய்தாவும் கெடுவும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கும், குறிப்பாக இவ்விரு மாவட்ட நீதிமன்றங்களில் தொழில் செய்யும் வழக்கறிஞர் நண்பர்களுக்கும் என் வணக்கம். வழக்கறிஞர் அலுவலகத்தில் தொழில்நுட்பத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்று பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். எந்தக் கணினியை வாங்கலாம் என்பது பற்றி நான் பேசப்போவதில்லை. அதை என்னைவிட நன்றாகச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். ஒரு வழக்கறிஞர் சட்டத்தில் பிழைபட வாதிட்டால் மேல்முறையீட்டில் சரிசெய்துகொள்ள வழி உண்டு. தேதியைத் தவறவிட்டால் பல வேளைகளில் அந்த வழியே அடைபட்டுவிடுகிறது. ஆகையால் தேதியிலிருந்து தொடங்குகிறேன்.

நம் தொழிலில் இரண்டு வகைத் தேதிகள் உண்டு. வழக்கு அடுத்து விசாரணைக்கு வர நீதிமன்றம் தரும் நாள் வாய்தா. ஒன்றைச் செய்து முடிக்கச் சட்டம் தரும் காலவரம்பு கெடு. வாய்தாவைக் கவனிக்க இன்று வசதிகள் பெருகியிருக்கின்றன. 2007ஆம் ஆண்டு தொடங்கிய மின் நீதிமன்றத் திட்டத்தின் பயனாக, ஒவ்வொரு வழக்குக்கும் 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண் என்ற தனி அடையாள எண் கிடைக்கிறது. அதன் முதல் நான்கு எழுத்துகள் மாநிலத்தையும் மாவட்டத்தையும், கடைசி நான்கு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். அந்த எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் இட்டுச் சேமித்துக்கொண்டால், அரூரிலும் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் வழக்கு நடத்தும் ஒருவர், அடுத்த வாய்தாவை அறிவதற்காகக் குமாஸ்தாவைப் பேருந்தில் ஊர் ஊராக அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் நாம் சேமித்த பட்டியல் அந்தக் கைப்பேசிக்குள்தான் இருக்கிறது. கைப்பேசி தொலைந்தால் பட்டியலும் தொலையும். அதைத் தனிக் கோப்பாக வெளியே எடுத்து வைக்கும் வசதி அதே செயலியில் உள்ளது. மாதம் ஒருமுறையாவது அதைச் செய்வது நல்லது. நீதிமன்றத்தில் வழக்கை அழைக்கும்போது நீதிபதி சொன்ன தேதியைக் கையால் நாட்குறிப்பில் எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. கணினியில் தேதியை ஏற்றுபவரும் மனிதர்தாம்.

கெடுவை எந்த நீதிமன்றச் செயலியும் நமக்குச் சொல்லாது. இதன் காரணத்தைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். வழக்கு நீதிமன்றக் கோப்பில் இல்லாத நாட்களில்தான் பெரும்பாலும் கெடு ஓடுகிறது. தீர்ப்பு வந்தவுடன் செயலி அந்த வழக்கை முடிந்ததாகக் காட்டிவிடும். அன்றுதான் மேல்முறையீட்டுக்கான கெடு தொடங்குகிறது. மாவட்ட நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ செய்யும் உரிமையியல் மேல்முறையீட்டுக்கு 30 நாட்கள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாட்கள், எதிர்த்தரப்பு வராதபோது பிறப்பித்த ஒருதரப்புத் தீர்ப்பாணையை நீக்கக் கோரும் மனுவுக்கு 30 நாட்கள். தீர்ப்பின் நகல் கேட்டு மனு போட்ட நாள், நகல் தயாரான நாள் ஆகியவற்றைக் கொண்டு, நகல் பெறச் சென்ற காலத்தைக் காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி கழித்துக்கொள்ளலாம் என்பது நாம் அறிந்ததே. ஆனால் அந்த இரண்டு நாட்களையும் தீர்ப்பு நாளோடு சேர்த்து ஒரே இடத்தில் குறித்து வைத்திருக்கும் அலுவலகங்கள் எத்தனை?

என் அலுவலகத்திலேயே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். மாங்காய்க் கொள்முதலில் பணம் வராத விவசாயி ஒருவர், மஞ்சள் பை நிறையக் காகிதங்களோடு வந்தார். பட்டா, சிட்டா, எடைச் சீட்டுகள் எல்லாவற்றுக்கும் அடியில், காசோலை திரும்பியதாக வங்கி கொடுத்த சீட்டும் இருந்தது. பையை வாங்கி அலமாரியில் வைத்தோம். அதைப் பிரித்துப் பார்த்தபோது, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள், காசோலை கொடுத்தவருக்குப் பணம் கேட்டு அனுப்ப வேண்டிய அறிவிப்புக்கான காலம் கடந்துவிட்டிருந்தது. காசோலையின் மூன்று மாத ஆயுள் முடிய ஒன்பது நாட்கள் மீதமிருந்ததால், அதை மீண்டும் வங்கியில் செலுத்தச் செய்து, மறுபடியும் திரும்பி வந்த பிறகு அறிவிப்பு அனுப்பினோம். அவர் பிழைத்தார், நானும் பிழைத்தேன். பை ஒரு மாதம் என் அலமாரியில் தூங்கியதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னபோது, அவர் கோபப்படாமல் இருந்ததுதான் எனக்குக் கூடுதல் வலியாக இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு. காகிதம் உள்ளே வந்த நாளிலேயே, கட்சிக்காரர் எதிரில் அமர்ந்திருக்கும்போதே, பை பிரிக்கப்படும். கெடு ஓடும் காகிதம் எதுவாயினும் அதற்கு மூன்று தேதிகள் எழுதப்படும்: நிகழ்வு நடந்த நாள், கெடு முடியும் நாள், அதற்குப் பத்து நாட்களுக்கு முன் ஒரு நாள். இவை காகித நாட்குறிப்பிலும், நானும் இளைய வழக்கறிஞரும் குமாஸ்தாவும் பார்க்கக்கூடிய கைப்பேசி நாட்காட்டியிலும் ஏறும். ஒருவர் கணக்கிட்டதை மற்றொருவர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். காசோலை வழக்கில் இந்தத் தேதிகள் சங்கிலியாக நீளும்: அறிவிப்பு கிடைத்த நாளிலிருந்து பணம் செலுத்த எதிரிக்கு 15 நாட்கள், அது கழிந்தபின் புகார் தாக்கல் செய்ய நமக்கு ஒரு மாதம். அறிவிப்பு கிடைத்த நாளை அஞ்சல் துறையின் இணையதளம் காட்டும். ஆனால் சில காலத்துக்குப் பிறகு அந்த விவரம் அங்கே இராது என்பதால், பார்த்த அன்றே அச்செடுத்து வழக்குக் கட்டோடு சேர்த்துவிட வேண்டும். கெடு முடியும் நாள் நீதிமன்ற விடுமுறையில் விழுந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. அதை நம்பி மே மாத விடுமுறைக்குள் கணக்கைத் தள்ளிவிடுவது என்னைப் பொறுத்தவரை வீண் துணிச்சல். ஓசூர்ப் பக்கம் சிறு தொழிற்சாலைகளின் வணிக வழக்குகளை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே பிரதிவாதி தாக்கல் செய்ய வேண்டிய பதிலான எதிருரைக்கு 120 நாட்கள் கடந்தால், மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே கிடையாது.

அடுத்து, கட்சிக்காரரின் கைப்பேசி. இப்போது பாதி வழக்குகளில் சான்று அதில்தான் இருக்கிறது. அந்த உரையாடலை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்படி அனுப்பும்போது படம் சுருங்குகிறது. எடுத்த நாளும் நேரமும் அதிலிருந்து உதிர்ந்துபோகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கேட்கிறது. முதல் பகுதியில் சான்றைத் தாக்கல் செய்பவரும், இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையொப்பமிட வேண்டும். இரண்டிலும் கோப்பின் ஹேஷ் மதிப்பு இடம்பெற வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அது முழுவதும் மாறிவிடும். ஆகவே கட்சிக்காரரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டியவை இவை: கைப்பேசியை விற்காதீர்கள், மாற்றாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். பின்னர் கேபிள் வழியாக மூலக் கோப்பைப் பென்டிரைவில் நகலெடுத்து, அன்றே ஹேஷ் மதிப்பைக் கணக்கிட்டு எழுதி வைக்க வேண்டும். விண்டோஸ் கணினியில் இதற்கான கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

பழைய வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த மனுக்களைப் புதிய கணினியில் திறந்து, புரியாத எழுத்துகளைப் பார்த்துத் திகைத்தவர்கள் நம்மில் உண்டு. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு மாறியவர்கள், பத்தாண்டுக் கோப்புகளில் ஒரு சர்வே எண்ணையோ ஒரு பெயரையோ நொடியில் தேடி எடுக்கிறார்கள். மனுவை அச்செடுத்து மீண்டும் ஸ்கேன் செய்யாமல், கணினியிலிருந்து நேராகப் பி.டி.எஃப். ஆக்கினால்தான் அந்தத் தேடல் நடக்கும்.

நீதிமன்ற வாசலில் உள்ள தட்டச்சுக் கடைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவை இல்லாமல் நம்மில் பலருக்குத் தொழில் நடக்காது. அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆயினும் கட்சிக்காரர் நம்மிடம் நம்பிச் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கட்டுப்பாடு நம் குமாஸ்தாக்களுக்கும் பணியாளர்களுக்கும் பொருந்தும் என்று சட்டமே கூறும்போது, மணவிலக்கு மனு ஒன்றை யாரும் திறந்து பார்க்கும்படி கடைக் கணினியின் முகப்பில் விட்டு வருவதை எவ்வாறு நியாயப்படுத்துவது? வேலை முடிந்தவுடன் கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலிசெய்து, வாட்ஸ்அப் வெப்பிலிருந்து வெளியேறி வர வேண்டும். மின் தாக்கல் கடவுச்சொல்லையும் ஆதார் ஓ.டி.பி.யையும் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. அது வெற்றுத் தாளில் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

செயற்கை நுண்ணறிவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவர், சாட்ஜிபிடி தந்த, உலகில் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக அவர்களுக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. நீண்ட ஆவணத்தின் சாரத்தை எடுக்கவோ ஆங்கில நடையைத் திருத்தவோ அது உதவட்டும். ஆனால் கட்சிக்காரரின் பெயரையும் விவரங்களையும் நீக்கிய பிறகே அதில் இட வேண்டும். தீர்ப்பு என்று அது சொல்வதை, நீதிமன்றத் தளத்தில் முழுமையாகப் படிக்காமல் மனுவில் சேர்க்கக் கூடாது.

நிறைவாக, நாம் பேசத் தயங்கும் ஒன்று. வழக்கறிஞருக்கு உடல்நலம் கெட்டு மருத்துவமனையில் சேர்ந்தால், மறுநாள் அவருடைய கெடுக்களை யார் பார்ப்பார்கள்? நாட்குறிப்பு, கைப்பேசிக் கடவுக்குறி, மின் தாக்கல் கணக்கு, கோப்புகளின் மற்றொரு நகல் இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதி, உறையிலிட்டு ஒட்டி, நம்பிக்கைக்குரிய சக வழக்கறிஞர் ஒருவர் இன்னார் என்று வீட்டாருக்குச் சொல்லி வைக்கலாம். என் உறை வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. கடவுச்சொல் மாறும்போதெல்லாம் உள்ளிருக்கும் தாளும் மாறுகிறது. வணக்கம்.