பிளாப்பியை நம்பியிருக்கும் ஆர்கன்

நேயர்களுக்கு வணக்கம். தேவாலயங்களிலும் இசைப்பள்ளிகளிலும் சில வீடுகளிலும் இன்றும் வாசிக்கப்பட்டு வருகிற, பாட்டுகளைச் சேமித்துவைக்கும் சிறு காந்தத் தகடான பிளாப்பி டிஸ்க்கைப் பயன்படுத்தும் மின்னணு ஆர்கன்களை எவ்வாறு பேணுவது என்பது பற்றிப் பேசுமாறு நிலையத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். இத்தகைய கருவிகளைப் பழுதுபார்ப்பதே என் தொழில். ஆர்கனின் உடல் மெதுவாகத்தான் கெடும். கெட்டாலும் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பிளாப்பியோ ஒரு நொடியில் போய்விடும். போனபின் அதிலிருந்ததை மீட்பது அரிது. ஆனால் நாம் கருவிக்குத் துணியுறை தைத்துப் போட்டுவிட்டு, டிஸ்க்கை அந்த உறையின் மேலேயே வைத்துவிட்டுப் போகிறோம்.

டிஸ்க்கில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்கலாம். யமஹா நிறுவனத்தின் எலக்டோன் ஆர்கன்களை எடுத்துக்கொள்வோம். முதல் எலக்டோனான டி-1 ஜப்பானில் 1959இல் விற்பனைக்கு வந்தது. மேலும் கீழுமாக இரண்டு விசைப்பலகைகள், காலால் வாசிக்கும் பெடல் வரிசை, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடல் என்பது அதன் பொதுவான அமைப்பு. 1991இல் வெளிவந்த இ.எல்.90 முதலான கருவிகளின் காலத்தில், எந்த விசைப்பலகையில் எந்த ஒலி, எந்தத் தாளம், எவ்வளவு எதிரொலி என்ற தேர்வுகளையெல்லாம் ஒரு பொத்தானில் அடக்கி, பாட்டின் நடுவிலேயே மாற்றிக்கொள்ள முடிந்தது. இந்தத் தேர்வுகளும் வாசிப்பின் பதிவும் 3.5 அங்குலப் பிளாப்பியில் சேமிக்கப்பட்டன. ஒரு பாமாலைப் பாட்டுக்கு நான்கு சரணத்திற்கு நான்கு விதமாக ஒலியை அமைத்து வைக்க ஆர்கனிஸ்ட் பல மாலைகளைச் செலவிட்டிருப்பார். அந்த உழைப்பு கருவியில் இல்லை, டிஸ்க்கில்தான் இருக்கிறது. கருவிக்குள்ளும் நினைவகம் உண்டு என்றாலும், பல மாதிரிகளில் அதைத் தாங்கிப் பிடிப்பது ஒரு சிறு பாட்டரி. அது தீர்ந்துபோனால் எல்லாம் ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும்.

டிஸ்க்குக்கு நேரும் கேடுகளில் பெரும்பாலானவை, அதைப் போடும்போதும் எடுக்கும்போதும் நேர்பவை. டிஸ்க்கைச் செருகும் பகுதியான டிரைவின் அருகில் சிறு விளக்கு ஒன்று இருக்கும். அது எரியும்போது எடுக்கும் பொத்தானை அழுத்தவும் கூடாது, மின்சாரத்தை நிறுத்தவும் கூடாது என்று எல்லாக் கையேடுகளிலும் அச்சிட்டிருக்கிறார்கள். காரணத்தை மட்டும் பெரும்பாலும் சொல்வதில்லை. பாட்டின் தரவு டிஸ்க்கின் பல இடங்களில் எழுதப்படுகிறது. எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை டிஸ்க்கின் விளிம்பை ஒட்டிய தடங்களில் தனியாக இருக்கிறது. புதிய பதிவு முடியும்போது அந்த அட்டவணையும் திருத்தி எழுதப்படுகிறது. அந்தக் கணத்தில் இடையூறு நேர்ந்தால், அன்று சேமித்த பாட்டு மட்டுமன்றி, ஏற்கெனவே அதில் இருந்த பாடல்கள் அனைத்தும் எட்டாமல் போகக்கூடும். எனவே விளக்கு அணைந்த பின்னரும் ஓரிரு நொடி பொறுத்து எடுப்பது நல்லது. கருவியை நிறுத்துவதற்கு முன் டிஸ்க்கை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பதையும் ஒரு வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எழுதி முடித்த டிஸ்க்கின் மூலையில் உள்ள சிறு பூட்டை நகர்த்தி, துளை திறந்திருக்கும்படி வைத்தால், அதன் மேல் எதுவும் எழுத முடியாது. இவ்வளவு எளிய காப்பு இருந்தும், அதைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு.

அடுத்தது ஈரமும் பூஞ்சையும். நம்முடைய கடலோர ஊர்களில் டிஸ்க்கின் முதல் எதிரி இதுவே, காந்தம்கூட இரண்டாவதுதான். கையேட்டில் 4 முதல் 53 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 8 முதல் 90 விழுக்காடு ஈரப்பதமும் வரை டிஸ்க்கை வைத்திருக்கலாம் என்று போட்டிருப்பார்கள். அந்த 90 விழுக்காட்டை நம்பி வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதும் திறந்த அலமாரியில் வைத்தால், தையில் எடுத்துப் பார்க்கும்போது பூஞ்சை பிடித்திருக்கும். வெப்பத்தின் மேல் எல்லையும் நாம் எண்ணுவதைவிட அருகில்தான் இருக்கிறது; கத்திரி வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காருக்குள் 53 டிகிரியைத் தாண்டிவிடுவது எளிது. பூஞ்சை பிடித்ததா என்று பார்க்க, உலோகக் கதவை விரலால் மெல்லத் தள்ளித் திறந்து, பின்புறம் உள்ள உலோக வட்டத்தைச் சுற்றிக்கொண்டே கரும்பழுப்பு நிறப் படலத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும்; படலத்தின் மேல் விரல் படக் கூடாது. வெண்புள்ளிகளோ மங்கிய வளையங்களோ தெரிந்தால் அதை எந்தக் காரணத்திற்காகவும் டிரைவில் போடாதீர்கள். டிஸ்க் நிமிடத்திற்கு 300 முறை சுழலும்போது, படிக்கும் தலை அதன் பரப்பைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. பூஞ்சை தலையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்ததாகப் போடப்படும் நல்ல டிஸ்க்கை அந்தத் தலை வட்டமாகக் கீறிவிடும். ஒரு டிஸ்க்கில் பாட்டு வரவில்லை என்றதும், டிரைவைச் சோதிக்கிறேன் என்று ஒன்றன்பின் ஒன்றாக இருப்பவற்றையெல்லாம் போட்டுப் பார்த்து, ஒரு பெட்டி முழுவதையும் பாழாக்கிய சபைகளை அறிவேன்.

ஆகவே டிஸ்க்குகளைக் காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, நிமிர்த்தி அடுக்கி வையுங்கள். நீல நிறச் சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சி இளஞ்சிவப்பாக மாறியதும், அதைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். பூச்சி வராதிருக்கட்டும் என்று அதே டப்பாவில் பாச்சை உருண்டையைப் போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த டிஸ்க்கில் கண்ணுக்குத் தெரியாத பனித்துளி படிந்திருக்கும் என்பதால், அரைமணி நேரமாவது வெளியே வைத்திருந்து பிறகு போடுங்கள். காந்தத்தைப் பொறுத்தவரை, ஒலிபெருக்கி, கைப்பையின் காந்தப் பூட்டு, கைப்பேசி ஆகியவற்றிலிருந்து ஒரு சாண் விலகியிருந்தாலே ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். ஆர்கனின் உள்ளேயே ஒலிபெருக்கிகள் இருப்பதால், கருவியின் மேல் டிஸ்க்கை வைப்பது தவறு. லேபிளில் முதலில் எழுதிவிட்டு அதன்பின் ஒட்டுங்கள். பழையதன் மேல் புதியதை ஒட்டினால் தடிப்பு மிகுந்து டிரைவில் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கியதைக் குறடு கொண்டு இழுத்தால் டிரைவின் தலையும் சேர்ந்து வந்துவிடும்.

டிரைவின் தலையைச் சுத்தம் செய்வதற்கென்று உலர்வகைத் துப்புரவு டிஸ்க் உண்டு. மாதம் ஒருமுறை என்று கையேடு கூறுவது நாள்தோறும் பயன்படுத்துவோருக்குப் பொருந்தும். ஞாயிறு ஆராதனைக்கு மட்டும் வாசிக்கப்படும் கருவிக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை போதும் என்பது என் கருத்து. ஏனெனில் உலர்வகை டிஸ்க் தலையைத் தேய்த்தே சுத்தம் செய்கிறது. சில டிரைவ்களில் மோட்டாரிலிருந்து சுழற்சியைக் கடத்துவது ஒரு மெல்லிய ரப்பர் பெல்ட். அது ஆண்டுகள் செல்லச் செல்ல நீளும், அல்லது தார்போல உருகி ஒட்டிக்கொள்ளும். அப்போது கருவி டிஸ்க்கின் மீது குற்றம் சாட்டும் விதத்தில் பிழைச்செய்தி காட்டும். பெல்ட்டை மாற்றினாலே போதும். நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். ஜப்பானில் விற்பதற்காகச் செய்யப்பட்ட கருவி 100 வோல்ட்டுக்கு உரியது. நம்மிடம் வருவது 230. பழைய ஜப்பானியக் கருவியை வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, பின்புறத்தில் ஒட்டிய தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான். 100 என்று இருந்தால், கருவியின் வாட் அளவைவிடக் கணிசமாகக் கூடுதலான திறனுள்ள, இரு சுற்றுகளும் தனித்தனியாக அமைந்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மலிவான ஒற்றைச் சுற்று வகையில் சுற்று ஓரிடத்தில் அறுந்தால் 230 வோல்ட்டும் நேரே கருவிக்குள் பாயக்கூடும். அந்தக் கருவிகளின் பிளக்கில் இரண்டு முனைகளே இருக்கும் என்பதால், எர்த் கம்பியைப் பின்புறத் திருகில் தனியாக இணைக்க வேண்டும். உலோகப் பகுதியைத் தொடும்போது கை சுருக்கென்றால் எர்த் இல்லை என்று பொருள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. முற்றிலும் மின்னணுவான ஆர்கனுக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் 1935 முதல் விற்கப்பட்டு வந்த ஹாமண்ட் ஆர்கன்களில் சுரத்தை உண்டாக்குவது மோட்டாரால் சுழலும் பற்சக்கரங்கள். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஹாமண்டை நம் 50 ஹெர்ட்ஸில் இணைத்தால் கருவி முழுவதுமே மூன்று அரைச்சுரத்துக்குச் சற்று அதிகமாகக் கீழிறங்கி ஒலிக்கும்.

மின்வெட்டின்போது கருவியின் ஸ்விட்சை உடனே அணைத்துவிட வேண்டும். ஜெனரேட்டருக்கு மாறும் கணத்திலும், மின்சாரம் திரும்ப வரும் கணத்திலும்தான் வோல்ட் துள்ளுகிறது. நியூட்ரல் அறுந்தால் ஒற்றைப் பேஸ் பிளக்கிலேயே 400 வோல்ட்டை ஒட்டி வந்துவிடலாம். இதைத் தாங்கும் ஆர்கன் எதுவும் இல்லை என்பதால், அதிக வோல்ட் வந்தால் தொடர்பைத் துண்டிக்கும் வசதியுள்ள ஸ்டெபிலைசரை வைப்பது செலவல்ல. டிஸ்க்கில் எழுதும் நேரத்தில் மின்சாரம் போவதுதான் நாம் முன்பு கண்ட அட்டவணைக் கேட்டுக்குக் காரணம். ஆதலால் ஒரு சிறிய யூ.பி.எஸ்.ஸும் இருந்தால் நல்லது. வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதானால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். சதுர அலை வகை ஒலிபெருக்கியில் இரைச்சலாக வந்துசேரும். இடி இடிக்கும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். மிக்சருக்கும் கணினிக்கும் போகிற கேபிள்களையும் கழற்ற வேண்டும். வெளி ஆம்ப்ளிஃபயர் இருந்தால், ஆர்கனைப் போட்ட பிறகு அதைப் போட்டு, ஆர்கனை நிறுத்துவதற்கு முன் அதை நிறுத்துங்கள்.

கருவியின் உடலைப் பேணுவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மெல்லிய பருத்தித் துணியை நீரில் நனைத்து நன்கு பிழிந்து துடைத்தால் போதும். தின்னரும் கண்ணாடி துடைக்கும் திரவமும் வேண்டாம். பண்டிகைக் காலத்தில் ஆர்கனின் மேல் பூஜாடியும் மெழுகுவர்த்தியும் வைத்து அலங்கரிக்கிறார்கள். ஜாடி கவிழ்ந்து விசைகளுக்குள் நீர் இறங்கினால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உலர்ந்துவிட்டதே என்று மறுநாள் போட்டுப் பார்க்காமல், தொழில் தெரிந்தவரை அழையுங்கள். கேபிள் நுழையும் துளைகளையும் பெடலுக்குப் பின்னாலுள்ள இடைவெளியையும் கம்பி வலையால் அடைத்துவிடுங்கள். எலியும் பல்லியும் கரப்பானும் தேடுவது இளஞ்சூடான இருட்டைத்தான். விசைகளுக்கு அடியில் கரியம் பூசிய ரப்பர்த் தொடர்புகள் இருக்கின்றன. ஒரு சுரம் சில நேரம் பேசி, சில நேரம் பேசாதிருந்தால் பெரும்பாலும் அங்கே தூசி படிந்திருக்கும். விசையை ஓங்கி அடிப்பதால் அது சரியாகாது. வாசிப்பு இல்லாத வாரங்களிலும் ஒரு மணி நேரம் கருவியைப் போட்டு வைத்தால், உள்ளே பிறக்கும் சூடு ஈரத்தை விரட்டும்.

டிஸ்க்கைப் படியெடுத்து வைப்பதை இன்றே தொடங்க வேண்டும். சோனி நிறுவனம் 2011இல் ஜப்பானில் பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. இப்போது கடைகளில் கிடைப்பதெல்லாம் பழைய இருப்பு. 3.5 அங்குல டிஸ்க்கில் இரண்டு வகைகள் உள்ளன. 2டிடி 720 கிலோபைட் கொண்டது, 2எச்டி 1.44 மெகாபைட் கொண்டது, அதற்கு ஒரு மூலையில் கூடுதலாகத் துளை இருக்கும். பல பழைய ஆர்கன்கள் முதல் வகையை மட்டுமே ஏற்கும். இரண்டாவதன் துளையில் டேப் ஒட்டி ஏமாற்றி எழுதுவோர் உண்டு; இரு வகைகளின் காந்தப்படலமும் வேறுவேறு என்பதால் அந்தப் பதிவின் ஆயுளை நம்ப முடியாது. கணினியில் யூ.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் மூலம் படியெடுக்கும்போது அந்த டிரைவ் 720 கிலோபைட் வகையைப் படிக்கிறதா என்பதை வாங்குமுன் பாருங்கள், எல்லாம் படிப்பதில்லை. கோப்புகளை மட்டும் நகலெடுக்காமல், டிஸ்க்கை முழுவதுமாக ஒரே பிம்பக் கோப்பாக எடுத்து, இரண்டு இடங்களில் வைத்திருங்கள். விலைக்கு வாங்கிய பாடல் டிஸ்க்குகள் சிலவற்றில் நகல் தடுப்பு இருக்கும். அவற்றின் மூல டிஸ்க்கைத் தேவையின்றிப் போட்டு எடுக்க வேண்டாம்.

டிரைவ் கைவிட்ட கருவிகளில், அதே இடத்தில் பென் டிரைவைச் செருகிக்கொள்ளும் பிளாப்பி எமுலேட்டரைப் பொருத்துவது இப்போது பரவலாகியிருக்கிறது. ஆர்கன் தன்னிடம் இன்னும் பிளாப்பிதான் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளும். நூற்றுக்கு மேற்பட்ட டிஸ்க்குகளின் பிம்பங்கள் ஒரே பென் டிரைவில் அடங்கும். ஆயினும் கருவிக்குக் கருவி இணைப்புக் கேபிளும் உள்ளமைப்பும் மாறுபடுவதால், ஒரு மாதிரிக்குப் பொருந்தியது இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று கொள்ளக் கூடாது. கேபிளின் முனையைத் தலைகீழாகச் செருகிவிட்டால் சேதமாவது எமுலேட்டரோடு நிற்காது. கழற்றிய பழைய டிரைவை வீசிவிடாமல், உள்ளே பூஞ்சை பிடிக்காத, ஆனால் பயன்படாத ஒரு டிஸ்க்கைச் செருகிப் பைக்குள் இட்டு மூடி, அந்த மாதிரியின் பெயரை மேலே எழுதி, ஆர்கன் பெஞ்சின் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். இன்னும் படியெடுக்காத டிஸ்க் ஒன்று எப்போதாவது அகப்பட்டால், அதைப் படிப்பதற்கு அந்த டிரைவே வேண்டியிருக்கும்.

வணக்கம்.