லின்க்ஸ் வேட்டைக்கு ரெடி, ஆனால் இந்த பேட்டரி விலை இருக்கிறதே!

வணக்கம் மக்களே! முதலில் இந்த பில்லைப் பாருங்கள். எட்டு லிதியம் பேட்டரி, வரியோடு 30 டாலர்! காட்டில் கட்டிவைத்தால் விலங்கு வரும்போது தானே படமெடுக்கும் டிரெயில் கேமரா ஒன்றுக்கே எட்டு வேண்டும், என்னிடம் இருப்பதோ மூன்று கேமரா. வெறும் ஏஏ பேட்டரிக்கு 90 டாலர்! "அல்கலைன் போடலாமே" என்று இப்போதே யாரோ டைப் செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். மைனஸ் 30 குளிரில் அது சுருண்டுவிடும். லிதியம் மைனஸ் 40 வரை தாங்கும். அதனால்தான் வயிற்றெரிச்சலோடு வாங்கினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த மார்ச்சில் லின்க்ஸ் வேட்டை. காதில் கறுப்புக் குஞ்சம் வைத்த அதே சாம்பல் பூனைதான். நம் வேட்டையில் துப்பாக்கி கிடையாது, கேமராவில் படம் பிடிப்பது மட்டும்தான், உங்களுக்குத் தெரியும். டொரண்டோவிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர் வடக்கே, காக்ரேன் பக்கம் போகிறேன். ஏன் மார்ச்? ஜோடி சேரும் காலம். மற்ற மாதங்களில் சத்தமே காட்டாத பிராணி, அப்போது கத்துவதைக் கேட்டால் பேய் என்றுதான் நினைப்பீர்கள்.

லின்க்ஸ் வேண்டுமென்றால் முதலில் பனிமுயலைத் தேட வேண்டும். அதன் முக்கியச் சாப்பாடே அதுதான். முயல்கள் சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறை பெருகிச் சரியும், ஓரிரு ஆண்டு பின்னாலேயே லின்க்ஸும் பெருகிச் சரியும். ஹட்சன்ஸ் பே கம்பெனியின் பழைய தோல் வியாபாரக் கணக்கிலேயே இது பளிச்சென்று தெரிகிறது. அதனால் முயல் கடித்த குச்சிகள் நிறைந்த, புதர் மண்டிய இளங்காட்டில்தான் கேமரா கட்டுவேன். ஓங்கி வளர்ந்த மரங்கள் தம்ப்நெயிலுக்கு அழகு, முயலுக்கு அங்கே என்ன வேலை?

கால்தடம் உள்ளங்கை அகலம் இருக்கும். பாதமெல்லாம் முடி என்பதால் ஓரம் மங்கலாகத் தெரியும், நகக்குறி பெரும்பாலும் விழாது.

அட, இதைச் சொல்லாமலே போகிறேன் பாருங்கள்! அந்தப் பக்கத்துக் காடுகள் டிராப்லைன்களாக, அதாவது பொறி வைக்கும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டவை. உரிமம் வாங்கிப் பொறி வைப்பவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கேமரா கட்டக் கூடாது. அங்கே பொறி வைப்பவரிடம் நான் போனில் பேசிவிட்டேன். "மார்ட்டன் நிறைய வருமே, அது வேண்டாமா?" என்றார். மார்ட்டன் என்றால் கீரி மாதிரி இருக்கும் ஒரு சின்னக் காட்டு விலங்கு. ஐயோ, வேண்டவே வேண்டாம்! கேமராவை முகர்ந்து முகர்ந்து தன் மூக்கையே நூறு படம் எடுக்க வைக்கும் ஜந்து அது.

இரண்டு கேமரா முயல் தடங்களில் கட்டப்போகிறேன். மூன்றாவது உறைந்த ஓடைக்கரையிலா, பழைய மரவெட்டிப் பாதையிலா? எனக்கு ஓடைக்கரைதான் பிடித்திருக்கிறது. மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் கமெண்டில் போடுங்கள், அன்று இரவே கிளம்புகிறேன்.