பிடியரிசிப் பானையும் கிரவுன் நாணயங்களும்

(கோத்தகிரியில் ஒரு பாப்டிஸ்ட் சபையின் பெண்கள் ஐக்கிய ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சபையின் மூப்பர்களுக்கும், இந்த மழையிலும் அரவேணுவிலிருந்தும் கீழ் கோத்தகிரியிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கிற தாய்மாருக்கும், தம்பி தங்கையருக்கும் என் ஸ்தோத்திரம்.

சார்லஸ் ஸ்பர்ஜன் என்ற ஆங்கிலேயப் பிரசங்கியாரைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். 1854இல், 19 வயதுப் பையனாக லண்டனில் ஒரு பாப்டிஸ்ட் சபையின் பொறுப்பை ஏற்றார். 1892இல் கண்மூடும்வரை, 38 ஆண்டுகள், அதே சபைக்குப் போதகர். அவருடைய பிரசங்க வல்லமையைப் பற்றி நீங்கள் எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். எனக்கு அவருடைய வீட்டுக்குள் போய்ப் பார்க்க ஆசை. நானும் ஒரு போதகர் வீட்டில் வளர்ந்தவள். அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் அடுக்களையில், அம்மிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மண்பானை இருந்தது. அம்மா படியில் அரிசியை அளந்து, உலையில் போடுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து அந்தப் பானையில் போடுவார். பிடியரிசிக் காணிக்கை. உங்கள் வீடுகளிலும் அந்தப் பானை இருக்கிறது. போதகர் வீட்டிலும் அது உண்டு என்பதைத்தான் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. நாங்கள் ஆறு பேர். படியின் அளவு மாறாது. எங்கள் தட்டுகளிலும் சோறு குறையாது. குறைந்த அந்தப் பிடி யாருடைய தட்டிலிருந்து போனது என்பது, எனக்குக் கல்யாணமாகி நானே உலை வைத்தபோதுதான் புரிந்தது.

இனி லண்டனுக்குப் போவோம். சூசன்னா என்ற பெண்ணுக்கு ஸ்பர்ஜனோடு நிச்சயமாகியிருந்த சமயம். கென்னிங்டன் என்ற இடத்தில் அவர் பேச வேண்டிய கூட்டத்துக்கு இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். வாசலிலும் படிகளிலும் கூட்டம் நெரிந்தது. போதகருக்கு மனமெல்லாம் செய்தியின் மேல். தன்னோடு ஒருத்தி வந்திருக்கிறாள் என்பதையே மறந்து, பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போய்விட்டார். சூசன்னா நெரிசலில் தவித்தார். பிறகு கோபமும் அழுகையுமாகத் தாய் வீட்டுக்குத் திரும்பினார்.

மகளிடம் அந்தத் தாய் சொன்னதன் சாரம் இது: நீ கட்டிக்கொள்ளப்போகிறவர் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டவர், அவருடைய உள்ளத்தில் முதலிடத்துக்கு நீ போட்டியிடக் கூடாது. இதுவரைக்கும் எல்லாரும் சொல்கிறார்கள். இதற்குப் பிறகு நடந்ததை நாம் விட்டுவிடுகிறோம். கூட்டம் முடிந்து ஸ்பர்ஜன் பதறிக்கொண்டு வந்தார். அந்தத் தாய் அவரையும் உட்காரவைத்து, மகள் பட்ட பாட்டை மறைக்காமல் சொன்னார். ஊரே கொண்டாடிய அந்தப் பிரசங்கியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நம் சபைகளில் போதகரின் மனைவிக்குப் புத்தி சொல்ல ஆள் நிறைய இருக்கிறது, அம்மா. போதகரிடம் அவர் மனைவிக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? எனக்கு அந்தத் தாயின் இரண்டாவது பேச்சுதான் பெரிது.

2009 நவம்பரில் நம் மலையில் மண் சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கேத்தி, குன்னூர், கோத்தகிரி என்று எங்கும் சாவுச் செய்தி. நாற்பதுக்கும் அதிகமான உயிர்கள் போயின. அப்பா மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை. மண்ணில் புதைந்த வீடுகளின் பக்கம் நின்றார், அடக்க ஆராதனைகளை நடத்தினார். சரியான இடத்தில்தான் இருந்தார். அதே மூன்று நாளும் எங்கள் வீட்டின் பின்சுவர் ஊறிக்கொண்டிருந்தது. அம்மா இரவெல்லாம் சாக்கு விரித்து, தண்ணீரை முறத்தால் தள்ளினார். அப்பா வந்ததும் சபையார் வந்து அவருக்கு நன்றி சொன்னார்கள். அம்மா எல்லாருக்கும் தேநீர் கொடுத்தார். சுவரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அன்பில்லாதவர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

1856 ஜனவரியில் ஸ்பர்ஜனுக்கும் சூசன்னாவுக்கும் திருமணம். செப்டம்பர் 20ஆம் தேதி இரட்டை ஆண் குழந்தைகள், சார்லஸ், தாமஸ். குழந்தைகளுக்கு ஒரு மாதம் நிறையுமுன், அக்டோபர் 19 அன்று, சர்ரே கார்டன்ஸ் இசை அரங்கில் பல்லாயிரம் பேர் கூடிய ஆராதனையில் யாரோ ‘தீ, தீ’ என்று பொய்யாகக் கத்தினார்கள். நெரிசலில் ஏழு பேர் மாண்டார்கள். 22 வயதுப் போதகர் நொறுங்கிப்போனார். அந்த மனச்சோர்வின் நிழல் வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தது. அப்போது அவரைத் தேற்றி நிமிர்த்தியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பிரசவித்து ஒரு மாதம்கூட ஆகாத பச்சை உடம்புக்காரி.

பிறகு சூசன்னாவின் உடம்பும் விழுந்தது. 30 வயதைத் தாண்டியதும் பெரும்பாலும் படுக்கைதான். அந்தக் காலத்தின் பெயர்பெற்ற மருத்துவர் ஜேம்ஸ் சிம்ப்சன் அறுவை சிகிச்சை செய்தும் பழைய உடம்பு திரும்பவில்லை. கணவருக்காக ஆயிரக்கணக்கானோர் இடம்பிடித்து உட்காரும் அந்தப் பெரிய ஆலயத்துக்கு அவரால் போக முடியாத ஞாயிறுகள் எத்தனையோ.

இந்தப் படுக்கையிலிருந்து எழுந்ததுதான் நான் சொல்ல வந்த கதை. 1875. தம் கல்லூரி மாணவர்களுக்கு ஆற்றிய விரிவுரைகளை ஸ்பர்ஜன் நூலாக்கிக்கொண்டிருந்தார். அச்சுப்படியைப் படித்த சூசன்னா, இங்கிலாந்தில் உள்ள ஒவ்வொரு போதகர் கையிலும் இதைக் கொடுக்க முடிந்தால் நன்றாயிருக்கும் என்றார். ‘கொடுத்துவிடேன், நீ எவ்வளவு தருவாய்?’ என்று கணவர் கேட்டார். சூசன்னாவுக்கு ஒரு பழக்கம். கைக்கு வரும் ஐந்து ஷில்லிங் கிரவுன் நாணயங்களைச் செலவழிக்காமல் மேல்மாடி இழுப்பறையில் போட்டு வைப்பார். போய் எடுத்து எண்ணிப் பார்த்தார். சரியாக 100 பிரதிகளுக்குப் போதுமான பணம் இருந்தது.

வீட்டுச் செலவில் ஒதுக்கி, யாருக்கும் சொல்லாமல் சேர்த்த காசு. அது பிடியரிசி அல்லாமல் வேறென்ன?

அந்த நூறோடு முடிந்திருக்கலாம். ஆனால் புத்தகம் கிடைத்த ஏழைப் போதகர்களிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. பல ஆண்டுகளாக ஒரு புதிய புத்தகம்கூட வாங்க முடியாதவர்கள். வருமானம் பிள்ளைகளின் சோற்றுக்கும் செருப்புக்குமே பற்றாதவர்கள். பெரிய ஆலயத்துப் போதகரின் மனைவிக்கு, சின்ன ஆலயத்துப் போதகர் வீடுகளின் நிலைமை அப்போதுதான் கண்முன் விரிந்தது. புத்தக நிதி ஒன்று உருவானது. நன்கொடைகள் வந்தன. எந்தச் சபைப் பிரிவு என்று பார்க்காமல் ஏழைப் போதகர்களுக்குக் கட்டுக் கட்டாகப் புத்தகங்கள் போயின. தேவைப்பட்ட வீடுகளுக்குத் துணிமணியும் பணமும் போயின. விலாசம் எழுதுவதும் கணக்கு வைப்பதும் கடிதங்களுக்குப் பதில் போடுவதும் பெரும்பாலும் நோயாளியான அவர் கையால்தான். 1903இல் அவர் இறந்தபோது கொடுத்த புத்தகங்கள் சுமார் 2 லட்சம்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பாஸ்டர் பிள்ளையா, நீயும் பாஸ்டர்தானே?’ என்று குழந்தையின் தலையில் கைவைத்துச் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். என் அண்ணன் அந்தச் சுமையைச் சுமந்தான்; நான் பார்த்தேன். ஸ்பர்ஜனின் மக்கள் இருவரும் போதகர்களானார்கள், உண்மைதான். ஆனால் தாமஸ் முதலில் கற்றது மரத்தில் படம் செதுக்கும் தொழில். உடல்நலம் குன்றி 1877இல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். பின்பு நியூசிலாந்தில் ஆக்லாந்து சபையின் போதகரானார். அப்பாவின் பிரசங்க பீடம் அவருக்கு வந்தது 1894இல், தந்தை போய் இரண்டு ஆண்டுக்குப் பிறகு.

கடைசிக் காட்சி ஒன்று. நோய்க்கு இதமான வெயில் தேடி ஸ்பர்ஜன் குளிர்காலங்களில் பிரான்சின் மென்டோன் கடற்கரைக்குப் போவார். உடம்பு முடியாத சூசன்னா வீட்டிலேயே இருந்து கடிதங்களுக்காகக் காத்திருப்பார். 1891 அக்டோபரில்தான் கூடவே போக முடிந்தது. மூன்று மாதம் அந்தக் கடலையும் வெயிலையும் இருவரும் சேர்ந்து பார்த்தார்கள். 1892 ஜனவரி 31 இரவு அவர் காலமானபோது மனைவி பக்கத்தில் இருந்தார். அத்தனை ஆண்டுப் பிரிவுகளுக்குப் பிறகு அந்த மூன்று மாதம் அவருக்குக் கிடைத்ததே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இன்னும் சற்று நேரத்தில் பிடியரிசி ஏலம் நடக்கப்போகிறது. இந்த ஆண்டு அந்தப் பணத்தில் ஒரு பங்கை, எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளில் ஊழியம் செய்கிற இளம் உபதேசியார்களுக்குப் புத்தகம் வாங்க ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். விளக்கவுரையும் வேத அகராதியும் ஆளுக்கு ஒன்றாவது இருக்கட்டும். இன்னொரு பங்கு யாருக்கு என்று நான் சொல்ல மாட்டேன். பின்வரிசையில் தட்டுகளைக் கழுவித் துடைத்துக்கொண்டிருக்கிற நம் பாஸ்டரம்மாவை ஒருவர் போய் இங்கே அழைத்து வாருங்கள். அவர்கள் வீட்டுக் கூரை இந்த மழைக்கு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்போம். ஏலத்தில் முதல் படி அரிசி என்னுடையது, கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.